மூன்று ஏரி, இரண்டு பேர்

முருங்கைக்கீரை ஆய்வதில் ஒரு சௌகரியம் உண்டு. கை தன்பாட்டுக்கு வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும், மனசை எங்கே வேண்டுமானாலும் அவிழ்த்து விட்டுவிடலாம். பூங்கோதை அன்றைக்குக் காலையில் அதை ஏரிக்கரையில் மேய விட்டிருந்தாள். அதுவும் ஒரு ஏரி இல்லை, மூன்று. ஏற்காட்டில் ஒன்று, ஊட்டியில் ஒன்று, கடைசியாகக் கொடைக்கானலில் ஒன்று. விழுப்புரத்தில் சமையலறைத் தரையில் காலை நீட்டிக்கொண்டு, மடியில் முறத்தை வைத்துக்கொண்டு, மூன்று மலை ஏறி இறங்குவது லேசான காரியமில்லைதான். ஆனால் வழி சொல்லக் கூடத்தில் மதியழகன் இருந்தார். போன மாதம் வரைக்கும் போக்குவரத்துக் கழகத்தில் டிக்கெட் பரிசோதகர். வேலை ஓய்ந்துவிட்டது, ஆனால் உலகம் அவருக்கு இன்னும் பஸ் ஸ்டாண்டு பஸ் ஸ்டாண்டாகத்தான் தெரிந்தது. "சேலம் போயிட்டம்னா அங்கேர்ந்து ஏற்காட்டுக்கு வண்டி இருக்குது, கோதை. எறங்கி வந்து மேட்டுப்பாளையம், அங்கேர்ந்து ஊட்டி. அப்புறம் பழனிக்கு வந்தம்னா கொடைக்கானலுக்கு ஏத்தம். மல எறங்குறதத் தவிர எங்கியும் திரும்பி வந்த வழியிலயே போற வேல இல்ல, பாத்துக்க," என்று கைப்பேசியை மூக்குக்கு நேரே பிடித்தபடி கத்திச் சொன்னார். மனுஷன் இத்தனை வருஷமும் பஸ்ஸில் நின்றுகொண்டே போனவர். முதலில் கண்டக்டராக நின்றார், பிறகு பரிசோதகராக நின்றார். இடம் காலியாக இருந்தாலும் உட்கார மாட்டார், உட்கார்ந்தால் டிக்கெட் எடுக்காதவனுக்குத் துளிர்விட்டுவிடும் என்பார். இப்போது உட்கார்ந்து போகப் போகிறார். ஜன்னலோரத்தில், டிக்கெட் எடுத்து, கையில் வேர்க்கடலைப் பொட்டலத்தோடு. அதை நினைக்கும்போது பூங்கோதைக்குத் தன் கல்யாணத்தைக் காட்டிலும் இது நல்ல விசேஷமாகப் பட்டது. இந்தப் பயணத்தை முதலில் எடுத்துக்கொடுத்தவளே அவள்தான். ஓய்வு பெற்ற அன்று மாலையும் கழுத்துமாக வீட்டுக்கு வந்தவரிடம், எங்கியாவது தண்ணி இருக்கிற எடமாப் பாத்துப் போயிட்டு வருவம், என்று அவள் வாயாலேயே சொன்னாள். அவர் அவளை உற்றுப் பார்த்தார். உனக்குத்தான் தண்ணி ஆகாதே என்றார். பரவால்ல, கரையில உக்காந்துக்கறன் என்றாள். அன்றிலிருந்து ஒவ்வொரு ஏரிக்கும் அவள் உட்காரக் கரையில் நிழலான இடம் தேடிக்கொண்டிருக்கிறார். பெண்டாட்டிக்கு நிழல் தேடுகிற புருஷனைக் குறை சொல்ல முடியுமா. குறை சொல்ல முடியாததுதான் அவளுக்குத் தொல்லையே.

ஒரு கொத்தை உருவி முடித்து அடுத்த கொத்தை எடுத்தபோதுதான் அவர் அதைச் சொன்னார். கொடைக்கானலில் ஏதோ ஒரு லாட்ஜுக்குக் கைப்பேசியில் விவரம் பூர்த்தி செய்துகொண்டிருந்தார் போலிருக்கிறது. தானே படித்துத் தானே சிரித்தார். "இந்தாம்மா, வயசு கேக்குறான். கவர்மெண்டுக்கு அறுவது முடிஞ்சிட்டுது. எங்கம்மா கணக்குல எனக்கு இன்னும் அம்பத்தொம்போது கூட முடியல. எதப் போடறது?" பூங்கோதையும் சிரித்தாள். இந்த வீட்டுப் பழைய வேடிக்கை அது, வாய் தானாகச் சிரித்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொல்வார்கள், தொட்டுவிட்டால் அஞ்சு வயசு. மதியழகனுக்கு நாலு கூட ஆகவில்லை. ஆனால் கை நீளம். தொட்டுவிட்டான். தலைமை ஆசிரியர் அன்றைக்கு வந்த பிள்ளைகளுக்கெல்லாம் ஒரே பிறந்த தேதியை, மே மாதத்தில் ஏதோ ஒரு நாளைப் போட்டு எழுதிக்கொண்டார். அந்த வகுப்பில் பாதிப் பேர் ஒரே நாளில் பிறந்தவர்கள். "அந்த மே மாசத்துல நான் எங்கம்மா வயித்துக்கே வரல," என்பார் மதியழகன், சொல்லிவிட்டுக் கையைத் தூக்கிக் காதைத் தொட்டுக் காட்டுவார், கல்யாண வீடுகளில் இதற்கு எப்போதும் நல்ல சிரிப்பு கிடைக்கும். அவள் சிரித்து முடித்து, காம்பைக் கிள்ளி ஒரு பக்கம் போட்டு, இலையை ஒரு பக்கம் தள்ளி, அப்புறம்தான் அவள் கை நின்றது. எங்கம்மா கணக்குல அம்பத்தொம்போது கூட முடியல. அப்படியென்றால் அறுபது முடியவில்லை. அவர் நிஜமாகப் பிறந்தது அந்த மே மாதத்துக்கு அடுத்த வருஷத்து ஆடிப்பெருக்கில், ஊரே ஆற்றுக்குப் போயிருந்தபோது. வருகிற ஆடியில் அம்பத்தொன்பது முடியும். அதற்கும் அடுத்த ஆடியில்தான் அறுபது. அவள் எந்தக் கணக்கில் இருந்தாள்? கவர்மெண்டுக் கணக்கில். இத்தனை வருஷமாக நாள் எண்ணி, எண்ணி, கடைசியில் தலைமை ஆசிரியர் போட்ட தேதியை நம்பி, வா தண்ணி இருக்கிற இடத்துக்குப் போகலாம் என்று தானே வாயைத் திறந்து அழைத்துவிட்டாள். யானையைக் கட்டிக் காத்தவள் கடைசி நாளில் சங்கிலியை அவிழ்த்து விட்ட கதை. "என்னாம்மா, எதப் போடட்டும்?" என்றார் கூடத்திலிருந்து. "கவர்மெண்டு வயசயே போடுங்க," என்றாள். குரல் சாதாரணமாகத்தான் வந்தது.

அத்தை, மதியழகனின் அம்மா, அந்த அறுபது விஷயத்தைச் சொன்னது இதே சமையலறையில்தான், அப்போது விறகடுப்பு. கல்யாணமாகி மூன்றாம் நாள், கொடைக்கானலுக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது உப்புச் சாடி பக்கத்தில் கூப்பிட்டாள். கூடத்தில் மாமா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மாமா கறுப்புச் சட்டைக்காரர். அந்த வீட்டில் ஜாதகம், ராகு காலம், கண்டம், இந்த மாதிரிச் சொற்களெல்லாம் கெட்ட வார்த்தை. மகனுக்கு ஜாதகம் எழுதவே விடவில்லை. அத்தை பயறு வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு அடுத்த ஊருக்குப் போய் எழுதிக்கொண்டு வந்தாள். பாதிக் கிழவிகள் இப்படித்தான் பயறு வாங்கப் போய் ஜாதகத்தோடு வந்தார்கள், அந்தக் காலத்தில். "தண்ணியில கண்டம்னு சொல்லிட்டான்மா. அறுவது முடியிற வரைக்கும். எம்புள்ள பொறந்ததே தண்ணி நாளு. இந்த ஊட்ல வெளிய சொல்ல முடியாது, சொன்னா உங்க மாமா அவன இன்னிக்கே ஏரியில எறக்கி எங்கிட்ட நிரூபிச்சிக் காட்டுவாரு. நான் சளி புடிக்கும் சளி புடிக்கும்னு சொல்லியே இவ்ளோ நாளு காபந்து பண்ணிட்டன். இனிமே உம்பாடு." கையைப் பிடித்து உப்பின் மேல் வைத்தாள். "பாத்துக்கறன்னு உப்பு மேல சொல்லு." பூங்கோதை சொன்னாள். அத்தை கையை விடவில்லை. "உன் தாலி உங்கையிலதான் இருக்குது," என்றாள், கோபமாக இல்லை, கெஞ்சுகிற மாதிரி. அந்தக் கெஞ்சல்தான் ஒட்டிக்கொண்டது. கோபமாகச் சொல்லியிருந்தால் மாமியார் சொன்னது என்று ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டிருக்கலாம். நம்பினாளா என்று கேட்டால் இன்றைக்கு வரைக்கும் பூங்கோதைக்குச் சொல்லத் தெரியாது. கண்டம் என்பது நம்புகிற விஷயமா? கொதிக்கிற எண்ணெயில் கை வைத்தால் சுடும் என்று யாராவது நம்பிக்கொண்டிருக்கிறார்களா, வைக்காமல் இருக்கிறார்கள், அவ்வளவுதானே. சாகும்போதும் அத்தை வேறொன்றும் சொல்லவில்லை. நகை யாருக்கு, நிலம் யாருக்கு என்று சுற்றி இருந்தவர்கள் வாயைப் பார்த்துக்கொண்டிருக்க, அவள் மருமகளை மட்டும் கிட்டே கூப்பிட்டு, அறுவது தாண்டட்டும், என்றாள். எல்லாரும் ஏதோ மகனுடைய அறுபதாம் கல்யாணம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

கொடைக்கானலில் அப்போது குளிர். ஏரியில் ஜோடி ஜோடியாக மிதித்துக்கொண்டு போகிற படகு. மதியழகன் செருப்பைக் கழற்றிக் கரையில் விட்டுவிட்டு, பேண்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு, வா கோதை என்று கை நீட்டினார். புதுப் பெண்டாட்டிக்கு முன்னால் முதல் தடவையாக வாய் நிறையச் சிரித்த முகம் அது, முன்பல்லில் லேசாக ஓர் உடைசல் இருப்பதை அவள் அப்போதுதான் பார்த்தாள். அவளுக்குக் கால் துறுதுறுத்தது. தண்ணீர் வாசனை மூக்கில் ஏறியது. உப்பு மேல் வைத்த கை ஞாபகம் வந்தது. அப்படியே தலையைப் பிடித்துக்கொண்டு புல்லில் உட்கார்ந்துவிட்டாள். தல சுத்துது, தண்ணியப் பாத்தா எனக்கு ஆகாது. வேறு எதுவும் வாயில் வரவில்லை. அவர் ஓடிப்போய் சோடா வாங்கி வந்தார், அந்தக் குளிரில் கைக்குட்டையால் விசிறிக்கொண்டே இருந்தார், அப்புறம் செருப்பை எடுத்துக் கால்களை ஒவ்வொன்றாக உள்ளே நுழைத்து மாட்டிக்கொண்டார். அவ்வளவுதான். அதற்கப்புறம் அவர் படகு என்று வாயைத் திறக்கவே இல்லை. எங்கே போனாலும், யார் கூப்பிட்டாலும், அவளுக்குத் தண்ணின்னா ஆகாதுங்க என்று முந்திக்கொண்டு அவரே சொல்லிவிடுவார். புதுச்சேரிக் கடற்கரையில் மகள் யாழினி குழந்தையாக அலைக்கு ஓடினபோது கூட, அம்மாவுக்குப் பயம்டா, வா, என்று தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். அவள் சொன்ன ஒரு பொய்யை அவர் தங்கச் சங்கிலி மாதிரி பத்திரமாக வைத்திருந்தார். சொல்லப்போனால் அம்மா காலத்தில் சளி, பெண்டாட்டி காலத்தில் தலைசுற்றல், இரண்டுக்கும் நடுவில் அந்த மனுஷனுக்குக் கால் நனையவே இல்லை. இதில் வேடிக்கை என்ன என்றால், வேடிக்கை என்று சொல்லலாமா தெரியவில்லை, செஞ்சிப் பக்கத்தில் அவள் பிறந்த ஊரில் பூங்கோதையைப் போல நீந்த ஆள் கிடையாது. இது இந்த வீட்டில் ஒரு ஈ எறும்புக்குத் தெரியாது. ஒரு தீபாவளிக்கு விருந்துக்கு வந்திருந்த தம்பி கதிர்வேல், எங்கக்கா கெணத்து மேட்லேர்ந்து, என்று ஆரம்பித்தான். அவள் கொதிக்கக் கொதிக்க ரசத்தை அவன் இலையில் இரண்டு கரண்டி ஊற்றினாள். அவன் ரசத்துக்கு அணை கட்டுவதில் முனைந்துவிட்டான்.

இப்போது எந்த ரசத்தை ஊற்றுவது? கை மறுபடி உருவ ஆரம்பித்தது, ஆனால் இலையோடு பழுப்பும் சேர்ந்து விழுந்தது, அவள் பார்க்கவில்லை. பழையபடி தலை சுற்றுகிறது என்று சொல்லலாம். சொன்னால் போதும், மூன்று ஏரியையும் தூக்கிப் போட்டுவிட்டு மூன்று மலைக்கோவிலுக்கு வண்டி பார்ப்பார், கோவிலுக்குப் போகாத மனுஷன் அவளுக்காகப் பார்ப்பார், முகத்தில் ஒரு சுளிப்பு இருக்காது. அதுதான் தாங்காது. சுளித்தால் பொய் சொல்லலாம். சரி, உண்மையைச் சொல்லிவிடலாம், உங்கம்மா இப்படிச் சொன்னாங்க என்று. அப்பாவின் மகன் அவர், விழுந்து விழுந்து சிரிப்பார், சிரித்துவிட்டு முதல் வேலையாகப் படகில் ஏறுவார். இல்லை, சிரிக்க மாட்டாரோ. எங்கம்மா சளின்னு சொன்னதெல்லாம், என்று ஆரம்பித்து ஒவ்வொன்றாக நினைத்துப் பார்ப்பாரோ. கொடைக்கானல் சோடாவையும் நினைத்துப் பார்ப்பாரோ. அப்படியானால் இன்னும் இரண்டு ஆடி போகட்டும், அடுத்த வருஷம் போகலாம் என்று தள்ளிப்போடலாம். முழங்கால் வலி என்று சொல்லலாம், முழங்கால் நிஜமாகவே வலிக்கத்தானே செய்கிறது. ஆனால் அடுத்த வருஷம் என்று யார் எழுதிக் கொடுத்தார்கள். அவரோடு ஓய்வு பெற வேண்டிய தண்டபாணி அண்ணன், ரிட்டயர் ஆனதும் ராமேஸ்வரம் என்று சொல்லிச் சொல்லியே டிப்போ வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்துவிடவில்லையா. அவருக்கு எந்தக் கண்டம், டீயில் கண்டமா? ஆக, ஒன்றும் சொல்லாமல் விட்டுவிடலாம். அவர் திட்டப்படியே நடக்கட்டும். அவள் கரையில் நிழலில் உட்கார்ந்திருப்பாள், அவர் ஒரே ஒரு சுற்று சுற்றிவிட்டு வருவார். செருப்பைக் கழற்றி அவள் பக்கத்தில் விட்டுவிட்டுப் போவார். இந்த இடத்தில்தான் மனசு ஒவ்வொரு தடவையும் இடறியது. அந்தச் செருப்பு. வார் தேய்ந்த பழுப்புச் செருப்பு, பெருவிரல் பதிந்து குழிந்திருக்கும். அது புல்லில் கிடக்கிறது, அவள் பார்த்துக்கொண்டிருக்கிறாள், படகு போய் ஏரி வளைவில் திரும்புகிறது, மறைகிறது, செருப்பு கிடக்கிறது. அங்கிருந்து மனசு மேலே போக மாட்டேன் என்றது. திரும்ப ஏற்காட்டிலிருந்து ஆரம்பித்தாள். ஏற்காட்டிலும் செருப்பு கிடந்தது. ஊட்டியில் மழை தூறிக்கொண்டிருந்தது, செருப்புக்குள் தண்ணீர் தேங்கிக்கொண்டிருந்தது. குக்கர் விசிலடித்தது. அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

அடுப்பைச் சின்னதாக்கிவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தாள். முட்டி கடகடவென்றது. "லைஃப் ஜாக்கெட் கட்டாயமாம், கோதை," என்றார் அவர், அவள் கேட்டது போல. "அது போட்டுகினா ஆள் முங்கவே மாட்டானாம். தக்கையாட்டம் மெதக்கலாம். நீ கரையிலேர்ந்து பயப்படாத, சொல்லிட்டன்." தக்கை. அவள் காலத்தில் சுரைக்குடுக்கை. காய்ந்த குடுக்கையை முதுகில் கட்டிச் சித்தப்பா கிணற்றில் தூக்கிப் போடுவார், மூன்றாம் நாள் குடுக்கையைக் கேட்காமல் அவிழ்த்துவிடுவார், நான்காம் நாள் பெண் மீனாகிவிடும். அந்தக் கிணற்றில் பாவாடையை வரிந்து கட்டிக்கொண்டு மேட்டிலிருந்து குதித்தால் அடியில் இருக்கிற பாறை வரைக்கும் போய் ஒரு பிடி மண்ணோடு மேலே வருவாள். உள்ளே போனதும் ஒரு சத்தமின்மை இருக்கும். காதுக்குள் தன் ரத்தம் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்கும், மேலே பச்சையாக வெயில் ஆடும். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை, யாரும் கேட்டதில்லை. கல்யாணமான பெண் மறுவீடு வந்தபோது கிணற்று மேட்டில் போய் நின்று தண்ணீரைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டாள், கூட அவர் இருந்தார், தலை சுற்றுமே என்று கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அந்தக் கிணற்றில் ஒரு தடவை வெள்ளாடு விழுந்துவிட்டது. பெரிய ஆடு, சினை ஆடு. ஆம்பிளைகள் கயிறு தேடி ஓடினார்கள். அவள் குதித்துவிட்டாள். சித்தப்பா மேலிருந்து கத்தினார், முன்னாடி போவாத, முங்குறது எதுவும் முன்னாடி வர்ற ஆளத்தான் புடிச்சி இழுக்கும், பின்னாடி போ, பின்னாடி போயி காதப் புடி. பின்னால் போய்க் காதைப் பிடித்தாள். ஆடு உதைத்த உதையில் தொடையில் காயம், தழும்பு இன்னும் இருக்கிறது, அவரிடம் விழுந்து அடிபட்டது என்று சொல்லி வைத்திருக்கிறாள். ஆனால் காதை விடவில்லை, படிக்கட்டு வரைக்கும் விடவில்லை. ஆடு பிழைத்து இரண்டு குட்டி போட்டது. இதெல்லாம் எதற்கு இப்போது ஞாபகம் வருகிறது என்று தன்னையே கேட்டுக்கொண்டாள், கேட்கும்போதே எதற்கு என்று தெரிந்துவிட்டது. முங்குற மனுஷனைப் பின்னால் போய் முடியைப் பிடித்து இழுக்க வேண்டும் என்பார்கள். இவருக்கு முடி ஏது, ரிட்டயர்மெண்டுக்கு முன்னாலேயே அது ரிட்டயர் ஆகிவிட்டது. காதைப் பிடிக்கலாம். பெரிய காது. அந்தக் காதைத் தொட்டதால்தானே இவ்வளவு வம்பும். ஆனால் முடியுமா? உடம்பு அந்த உடம்பா? மூச்சு நிற்குமா? புடவை தண்ணீரில் காலைக் கட்டும், யாழினி எடுத்துக்கொடுத்த சுடிதார் பிரிக்காமல் பீரோவில் இருக்கிறது, அதைப் போட்டுக்கொள்ளலாம். ஊட்டித் தண்ணீர் ஐஸ் மாதிரி இருக்கும், கை விறைக்கும். விறைத்தால் என்ன, கையை வீசினால் சரியாகிவிடும். வலது கை, இடது கை, கால் தவளை மாதிரி. முறத்துக்கு இரண்டு பக்கமும் அவள் கை கொஞ்சம் அசைந்தது, தரையில் நீட்டியிருந்த காலும் லேசாக உதைத்தது, கீரைக் காம்புகள் சிதறின. யாரும் பார்க்கவில்லை. நீச்சல் மறக்காது. புருஷன் பேரைச் சொல்லக்கூடாது என்று பழகின வாய் கூட ஒரு நாள் சொல்லிவிடும், நீந்தக் கற்ற கால் முங்கக் கற்றுக்கொள்ளாது. அத்தை தாலி உன் கையில் என்றாளே தவிர, கரையில் உட்கார்ந்துதான் அதைக் காக்க வேண்டும் என்று சொல்லவில்லையே. உப்பு மேல் அப்படி ஒன்றும் அவள் சொன்னதாக ஞாபகம் இல்லை. பயம் போய்விட்டதா என்றால் இல்லை, அப்படியேதான் இருந்தது. ஆனால் புல்லில் கிடந்த செருப்புக்குப் பக்கத்தில் இன்னொரு ஜோடி செருப்பு வந்திருந்தது, அது அவளுடையது. அதைப் பார்த்ததும் மனசு ஏரி வளைவைத் தாண்டிப் போயிற்று.

"கோதை," என்றார் மதியழகன், லாட்ஜுக்குப் போன் போட்டுப் பேசிக்கொண்டிருந்தவர். "படகுக்கும் இப்பவே சொல்லி வச்சிர்றன்னு லாட்ஜுக்காரன் சொல்றான். எத்தன பேருங்கறான். ஒண்ணுன்னு சொல்லிர்றன், என்னா? ரொம்ப நேரமில்ல, ஒரே ஒரு சுத்து. நீ பாக்குற தூரத்துலயே போயிட்டு வந்துர்றன்." கேட்கும்போதே அவர் குரலில் ஒரு தயக்கம் இருந்தது. மிட்டாய் கேட்கிற பிள்ளையைப் போல, வேண்டாம் என்ற பதிலையும் தயாராக வைத்துக்கொண்டு கேட்கிற குரல். அதைக் கேட்டதும் பூங்கோதைக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. முறத்தைத் தரையில் வைத்துவிட்டு, சுவரைப் பிடித்து எழுந்து, கூடத்து வாசற்படியில் போய் நின்றாள். அவர் கைப்பேசியின் வாயைக் கையால் பொத்திக்கொண்டு காத்திருந்தார்.

"ரெண்டு பேருன்னு சொல்லுங்க."

"யாரு ரெண்டாவது?"

"நானுதான்."

"உனக்குத்தான் தல சுத்துமேம்மா."

"சுத்தாது."

"தண்ணி ஆழம் அங்க. விளையாட்டில்ல."

"எனக்கு நீச்சல் தெரியும்," என்றாள் பூங்கோதை.

அவர் பொத்திய கையை எடுக்கவில்லை. உள்ளே லாட்ஜுக்காரன் ஹலோ ஹலோ என்று கொசு மாதிரிக் கத்திக்கொண்டிருந்தான். கல்யாணமான நாளிலிருந்து ஒரே வண்டியில் டிக்கெட் இல்லாமல் வந்துகொண்டிருந்த பயணியை இன்றைக்குப் பிடித்தவர் போல மதியழகன் அவளை மேலும் கீழும் பார்த்தார். பரிசோதகர் பார்வைதான், ஆனால் அபராதம் போடுகிற முகமாக இல்லை. "எப்பலேர்ந்து?" என்றார். "சின்னதுலேர்ந்து. கெணத்துல." "அப்ப அந்த சோடா?" அதையும் சொல்லத்தான் வேண்டும், ஏற்காட்டுக்கோ ஊட்டிக்கோ போகிற வண்டியில் ஜன்னலோரத்தில் அவர் உட்கார்ந்திருக்கும்போது சொல்ல வேண்டும், எல்லாவற்றையும் சொல்லிவிட முடியுமா என்று தெரியவில்லை, ஆடிக் கணக்கை மட்டும் சொல்ல மாட்டாள். அதை அவளே வைத்துக்கொள்வாள். அவர் கையை எடுத்து, "ரெண்டு பேருப்பா, ஆமா, ஒரே படகு," என்று சொல்லிவிட்டுக் கைப்பேசியை வைத்தார். வைத்துவிட்டுச் சிரித்தார், முன்பல்லின் உடைசல் தெரிகிற பழைய சிரிப்பு, கொடைக்கானல் கரையில் அவள் பாதியில் நிறுத்திவைத்தது.

"அப்ப நான் முங்கினா தூக்கிடுவியா?" என்றார் விளையாட்டாக.

பூங்கோதை சிரிக்கவில்லை. "காதப் புடிச்சித் தூக்குவன்," என்றாள்.

மதியழகன் வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைப் பிடித்துக் காட்டினார், எந்தக் காது, இதா என்பது போல. நீளக் கை. இப்போதும் சுலபமாகத்தான் எட்டியது. அவள் கிட்டே போய், அவர் விரலை விலக்கிவிட்டு, அந்தக் காதைத் தன் கையால் ஒரு தடவை பிடித்துப் பார்த்துக்கொண்டாள்.